இரத்தத்தில் தேடிய குற்றவாளி

மன்னார்க் கரை: நோய்களின் வரலாறு – 11

இந்தத் தொடரில் இதுவரை பார்த்த நோய்கள் எல்லாம் வெளியிலிருந்து வந்தவை. வாந்திபேதி முத்துக்குளிப்புக் கூடாரங்களிலும் மாத்தளைக்குப் போன கூலிப்பாதையிலும் மனிதரோடு மனிதராக நடந்து வந்தது. மலேரியா நுளம்போடு வந்தது. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது; அதே ஆண்டின் கடைசியில், இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற நுளம் இலங்கையில் முதன்முதலாக மன்னாரில்தான் பிடிபட்டது. இவற்றுக்கெல்லாம் காரணம் தேடியவர்கள் தண்ணீரைச் சோதித்தார்கள், படகை மறித்தார்கள், கிணற்றுக்கு மருந்து போட்டார்கள். மனச்சிதைவு நோய் என்று வரும்போது மட்டும் விசாரணை வீட்டுக்குள் திரும்பிவிடுகிறது. கலியாணம் பேசுகிற இடத்தில் "அந்தக் குடும்பத்தில் ஆருக்காவது விசர் இருந்ததா?" என்று தாழ்ந்த குரலில் கேட்கப்படுகிறது. ஆம் என்று ஒரு பதில் கிடைத்தால் போதும், நோயாளியின் தங்கையும் அண்ணன் மகளும்கூட அந்தப் பதிலுக்குள் அடங்கிவிடுகிறார்கள். ஊர் வழங்கும் இந்தத் தீர்ப்புக்கு இப்போது அறிவியலின் முத்திரையும் கிடைத்துவிட்டதாகப் பலர் நம்புகிறார்கள். மூளையில் டோபமைன் என்ற இரசாயனம் இருக்கிறது, அதை ஏற்கும் புரதத்துக்கு மரபணு இருக்கிறது, அந்த மரபணுவில் கோளாறு இருந்தால் நோய் வரும், ஆகவே அது இரத்தத்தில் ஓடுவதுதான் என்பது அந்த நம்பிக்கையின் சுருக்கம். இந்த வாரம் அந்த மரபணுவின் வரலாற்றைப் பார்ப்போம். நோயில் பரம்பரைக்குப் பங்கு உண்டு என்பதை அந்த வரலாறு உறுதிப்படுத்துகிறது. குடும்பத்தின் மீது சுமத்திய குற்றத்தைத் தள்ளுபடி செய்கிறது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதில்தான் இத்தனை காலத் துன்பமும் வந்தது.

குழப்பம் நம்முடைய ஊரில் பிறந்ததல்ல. பிரித்தானிய ஆட்சி 1873இல் கொண்டுவந்த சட்டம் மனநோயாளியை மருத்துவரிடம் ஒப்படைப்பதற்கு முன் மாவட்ட நீதிமன்றத்தின் முன் நிறுத்தியது. அந்தச் சட்டம் திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மன்னார்க்காரர் ஒருவருக்குப் பெரிய மனநோய் மருத்துவமனை என்றால் அது ஏறத்தாழ 300 கிலோமீற்றர் தள்ளிக் கொழும்பில், 1920களிலிருந்து அங்கொடையில். அதே காலத்தில் ஐரோப்பாவில் இந்த நோய்க்கு இரத்தக் கணக்குப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். சுவிட்சர்லாந்தின் யூஜின் பிளாய்லர் நோய்க்கு இன்றைய பெயரைச் சூட்டியது 1908இல். எட்டு ஆண்டு கழித்து, 1916இல், ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் ரூடின் நோயாளிகளின் உடன்பிறந்தோரை எண்ணிப் பார்த்து, மெண்டல் பட்டாணிச் செடியில் கண்ட விகிதம் இங்கும் வருகிறதா என்று தேடினார். எளிய விகிதம் எதுவும் வரவில்லை. வராத விகிதத்தை மறந்துவிட்டுப் பரம்பரை என்ற முடிவை மட்டும் அவர் கையில் எடுத்துக்கொண்டார். 1933இல் நாஜி அரசு கொண்டுவந்த கட்டாயக் கருத்தடைச் சட்டத்துக்கு உரை எழுதியவர்களில் அவரும் ஒருவர். சட்டத்தில் பெயர் குறிப்பிட்ட நோய்களில் மனச்சிதைவும் ஒன்று. ஏறத்தாழ 4 இலட்சம் பேர் அந்தச் சட்டத்தால் மலடாக்கப்பட்டார்கள். அடுத்து மனநோயாளிகளைக் கொல்லும் திட்டமும் வந்தது. நோய் சில குடும்பங்களின் இரத்தத்தில் மட்டும் ஓடுவதாக இருந்திருந்தால் போருக்குப் பிந்திய ஜெர்மனியில் அது அற்றுப்போயிருக்க வேண்டும். பிற்பாடு எடுத்த கணக்குகளில் புதிய நோயாளிகளின் வீதம் குறைந்திருக்கவில்லை. மனித குலம் ஒருபோதும் செய்திருக்கக் கூடாத அந்தக் கொடுமை, தன் கொள்கை பொய் என்பதற்குத் தானே சாட்சியாக நின்றது.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். நாஜிகள் கொடியவர்கள் என்பதால் பரம்பரை பொய்யாகிவிடுமா? ஆகாது. இரட்டையர் ஆய்வுகளைத் தொகுத்து 2003இல் வெளிவந்த கணக்கு, இந்த நோயில் மனிதருக்கு மனிதர் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை மரபு விளக்குகிறது என்றது. பொதுமக்களில் வாழ்நாளில் நூறு பேரில் ஒருவருக்கு, அல்லது அதைவிடச் சற்றுக் குறைவானவர்களுக்கு, வரும் நோய் இது. தாய் தகப்பனில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூறில் ஆறு முதல் பதின்மூன்று வரை உயர்கிறது. இதை மறைப்பது நேர்மையல்ல. ஆனால் இதே எண்களை மறுபக்கமாகவும் படிக்க வேண்டும். நோயுள்ள தாயின் பிள்ளைகள் நூறு பேரில் எண்பத்தேழு பேராவது அந்த நோய் வராமலே வாழ்கிறார்கள். மரபணு முழுவதும் ஒன்றாக இருக்கும் ஒருகரு இரட்டையரில்கூட, ஒருவருக்கு நோய் இருந்தால் மற்றவருக்கு வருவது ஏறத்தாழ பாதி அல்லது அதற்கும் குறைவு. நோயாளிகளில் பெரும்பாலோருக்குத் தாய் தகப்பனிலோ உடன்பிறந்தவர்களிலோ நோயாளி எவரும் இல்லை. 80 விழுக்காடு என்பது ஒரு சமுதாயத்துக்குள் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டைப் பற்றிய கணக்கு. ஒரு குறிப்பிட்ட பெண்ணுக்கு நோய் வரும் வாய்ப்பு எவ்வளவு என்று அது சொல்லாது. எந்த மரபணு, எத்தனை மரபணு என்றும் சொல்லாது. அந்தக் கேள்விக்கு விடை சொல்ல முதலில் சந்தேகத்துக்குரிய ஒரு பொருள் தேவைப்பட்டது. அது கிடைத்த வழி நம்முடைய பகுதியின் காட்டு வேர் ஒன்றின் வழியாகப் போகிறது.

சர்ப்பகந்தி வேரைப் பித்துக்கும் தூக்கமின்மைக்கும் பாம்புக்கடிக்கும் தெற்காசிய வைத்தியர்கள் தலைமுறைகளாகக் கொடுத்து வந்தார்கள். 1931இல் கல்கத்தாவின் கணநாத சென்னும் கார்த்திக் சந்திர போஸும் அது பித்தையும் இரத்த அழுத்தத்தையும் தணிப்பதை மருத்துவ இதழில் எழுதினார்கள். 1949இல் பம்பாயின் ருஸ்தம் ஜால் வக்கீல் இரத்த அழுத்தத்துக்கு அது பயன்படுவதைப் பிரித்தானிய இதய மருத்துவ இதழில் நிறுவினார். 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் வேரிலிருந்து ரெசர்பைனைப் பிரித்தெடுத்தது. அதே ஆண்டு பாரிசின் சேந்த் ஆன் மருத்துவமனையில் ழான் டெலேயும் பியேர் டெனிக்கரும் குளோர்ப்ரோமசீனை மனநோயாளிகளுக்குக் கொடுத்து வியந்தார்கள். இரண்டு மருந்தும் நோயாளியை அமைதிப்படுத்தின. இரண்டும் நடுக்கத்தையும் உடல் இறுக்கத்தையும் தந்தன. 1957இல் சுவீடனின் ஆர்விட் கார்ல்சன் ரெசர்பைன் கொடுத்து அசைவற்றுப்போன முயல்களுக்கு எல்-டோபாவைக் கொடுத்து மீண்டும் எழுந்து நடக்க வைத்தார். டோபமைன் தனித்துவமான ஒரு மூளைத் தூதுப்பொருள் என்பது அங்கிருந்துதான் தெளிவாயிற்று. 2000ஆம் ஆண்டு நோபல் பரிசு அதற்கே. 1970களின் நடுவில் டொரொன்டோவின் பிலிப் சீமனும் பால்டிமோரின் சாலமன் ஸ்னைடரும் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தார்கள்: மனச்சிதைவு மருந்துகளின் வலிமை, மூளையில் உள்ள ஒரு வகை டோபமைன் ஏற்பியை அவை எவ்வளவு இறுக்கமாகப் பற்றிக்கொள்கின்றன என்பதோடு அப்படியே ஒத்துப்போகிறது. அந்த ஏற்பிக்குப் பின்னர் டி2 என்று பெயர். மருந்து வேலை செய்யும் இடம் தெரிந்துவிட்டது. நோய் பிறக்கும் இடமும் அதுவே என்று எண்ணியது மனித இயல்பு. ஆனால் அந்த எண்ணத்துக்கு அப்போது சான்று கிடையாது. காய்ச்சலைத் தணிக்கும் பரசிட்டமோல் வேலை செய்யும் இடமும் காய்ச்சலைத் தந்த கிருமி இருக்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

1988இல் அமெரிக்காவின் ஒரிகனில் டி2 ஏற்பியின் மரபணு படியெடுக்கப்பட்டது. மனிதரில் அது 11ஆம் குரோமோசோமில் இருப்பதாகத் தெரிந்தது. 1990இல் டி3, 1991இல் டி4 ஏற்பிகள் வந்தன. அடுத்த பத்து ஆண்டும் சந்தேகநபர் வேட்டை. டி2 புரதத்தின் 311ஆம் இடத்தில் செரீனுக்குப் பதில் சிஸ்டீன் இருப்பது நோயாளிகளிடம் அதிகம் என்று 1990களின் தொடக்கத்தில் ஜப்பானிலிருந்து செய்தி வந்தது. டி3இன் 9ஆம் இடத்து மாற்றம் குற்றவாளி என்று 1992இல் வேல்ஸ், பிரான்ஸ் நோயாளிகளை வைத்து எழுதினார்கள். டி2 மரபணுவின் முகப்பில் ஒரே ஒரு எழுத்து விடுபடுவது பற்றி 1997இல் மறுபடி ஜப்பான் எழுதியது. ஒவ்வொன்றையும் வேறு நாட்டில் சோதித்தபோது சில இடத்தில் ஆம், சில இடத்தில் இல்லை, சில இடத்தில் நேர்மாறு. இந்தக் குளறுபடி ஏன் என்பதை மன்னார்க் கரைக்குப் புரியவைப்பது எளிது. சிலாவத்துறையில் முத்துக்குளிப்பு அறிவிக்கும் முன் அரசாங்கம் பாரிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுத்து, அழுகவிட்டுக் கழுவி, ஆயிரம் சிப்பிக்கு எவ்வளவு முத்து என்று மதிப்பிட்டு வந்தது. ஆயிரக்கணக்கில் எடுத்தால்தான் அந்த மதிப்பு நிற்கும்; ஐம்பது சிப்பியை அரிந்து ஒரு நல்முத்தைக் கண்டவன் முழுப் பாரையும் ஏலம் எடுத்தால் கடனாளி ஆவான். 1990களின் மரபணு ஆய்வுகள் சில நூறு நோயாளிகளை வைத்துச் செய்தவை. ஆளைத் தெரிந்தெடுக்கும் முன்பே எந்த மரபணுவைப் பார்ப்பது என்று முடிவு செய்துவிட்டார்கள். ஆம் என்று வந்தவை இதழ்களில் அச்சேறின, இல்லை என்று வந்தவை மேசை அறைக்குள் கிடந்தன. உலகமெங்கும் மிக அதிகம் சோதிக்கப்பட்ட டி2 குறியான டாக்-1 ஏ, 2004இல் பார்த்தால் டி2 மரபணுவுக்குள்ளேயே இல்லை. பக்கத்து மரபணு ஒன்றுக்குள் இருந்தது.

அப்படியானால் டி2 நிரபராதியா? இங்குதான் வரலாறு ஒரு திருப்பம் எடுக்கிறது. பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து, எந்த மரபணுவையும் முன்கூட்டிச் சந்தேகிக்காமல், மரபுத்தொகுதி முழுவதையும் ஒரே வலையில் அரித்தார்கள். 2014இல் நேச்சர் இதழில் வந்த முடிவில் 36,989 நோயாளிகளும் 1,13,075 நோயற்றவர்களும் இருந்தார்கள். 108 இடங்கள் தப்பாமல் நோயோடு ஒட்டி வந்தன. அவற்றில் ஒன்று டி2 மரபணுவின் இடம். 1990களில் பேசப்பட்ட 311ஆம் இடத்து மாற்றமோ டி3, டி4 மாற்றங்களோ அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. 2022இல் 76,755 நோயாளிகளோடு மறுபடி அரித்தபோது இடங்கள் 287 ஆயின. ஆகவே டி2இன் பங்கு உண்மை. அந்தப் பங்கின் அளவுதான் முக்கியம். ஆபத்துக்குரிய எழுத்தை உடையவர்களுக்கு, இல்லாதவர்களைவிட வாய்ப்பு ஏழெட்டு விழுக்காடு அதிகம். பத்தாயிரம் பேரில் நூறு பேருக்கு வரும் நோய், அந்த எழுத்து உள்ள பத்தாயிரம் பேரில் நூற்று ஏழெட்டுப் பேருக்கு வரும். அந்த எழுத்தும் அபூர்வமானதல்ல. நோயற்றவர்களிடமும் பெருமளவில் இருப்பது. இந்தக் கட்டுரையை வாசிக்கிறவர்கள் ஒவ்வொருவரிடமும் இத்தகைய எழுத்துகள் பலவும் இருக்கின்றன. சிலரிடம் சற்றுக் கூடுதலாகச் சேர்கின்றன, சிலரிடம் குறைவாக. 'நோயுள்ள இரத்தம்', 'நோயற்ற இரத்தம்' என்று பிரிக்கக் கோடு எங்கே போடுவது? போட முடியாது; ஏனெனில் கூடுதலும் குறைவும் படிப்படியானவை.

இத்தனை சிறிய பங்குள்ள மரபணுவின் புரதத்தை அடைத்தால் நோய் எப்படித் தணிகிறது, இது முரண் அல்லவா என்று கேட்கலாம். முரண் இல்லை. கொலஸ்டரோலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்து தாக்கும் நொதியின் மரபணுவிலும் மக்களிடையே வேறுபாடுகள் உண்டு. அவை கொலஸ்டரோலை அற்பமாகவே கூட்டிக் குறைக்கின்றன. மருந்தோ அதை மூன்றிலொரு பங்கும் அதற்கு மேலும் குறைக்கிறது. இயற்கையில் மனிதருக்கு மனிதர் இருக்கும் வேறுபாடு ஒன்று, மருந்து செய்யும் தலையீடு வேறொன்று. நோயாளிகளின் மூளையைக் கதிர்ப்படம் எடுத்துப் பார்த்தவர்களும் இதையே வேறு பக்கத்திலிருந்து சொல்கிறார்கள். ஏற்பிகளின் எண்ணிக்கை நோயாளிகளில் மிக அதிகம் என்று 1986இல் பால்டிமோரிலிருந்து வந்த முடிவை ஸ்டொக்ஹோம் ஆய்வாளர்களால் உறுதிப்படுத்த முடியவில்லை. பிற்கால ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், ஏற்பியில் உள்ள வேறுபாடு சிறியது. டோபமைனை உருவாக்கி வெளியிடும் பக்கத்தில்தான் பெரிய வேறுபாடு இருக்கிறது. 2024இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற புதிய மருந்து ஒன்று டி2ஐத் தொடுவதே இல்லை. மஸ்கரினிக் ஏற்பிகள் வழியாக வேலை செய்கிறது. டி2 நோயின் பாதையில் ஒரு வாசல் என்பது மெய். அது ஒன்றே வாசல் என்பதும், அதில்தான் நோய் குடியிருக்கிறது என்பதும் மெய்யல்ல.

மேலே சொன்ன எண்கள் பெரும்பாலும் ஐரோப்பியருடையவை, தமிழருக்குப் பொருந்துமா என்ற கேள்வி மிகச் சரியானது. 1984இல் மருத்துவர் சாரதா மேனன் சென்னையில் தொடங்கிய மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம், ஸ்கார்ஃப், தமிழ்நாட்டுக் குடும்பங்களை வைத்து ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து ஆய்வாளர்களோடு சேர்ந்து இதைத் தேடியது. 2009இல் வந்த முதல் பெரிய முடிவு, ஒரே வட்டாரத்து ஒத்த பின்னணி கொண்ட குடும்பங்களில் 1ஆம் குரோமோசோமின் குறுங்கையைச் சுட்டியது. 2019இல் 1,321 நோயாளிகளை உள்ளடக்கிய அடுத்த ஆய்வு 8ஆம் குரோமோசோமில், நியாசின் உயிர்ச்சத்தை உடல் கையாள்வதோடு தொடர்புள்ள ஓரிடத்தைச் சுட்டியது. இரண்டும் டி2 இருக்கும் 11ஆம் குரோமோசோமைச் சுட்டவில்லை, ஒரே இடத்தையும் சுட்டவில்லை. இதை வைத்துத் தமிழருக்கு டி2 பொருட்டல்ல என்று சொல்வது அவசரம். ஆயிரத்து முந்நூறு நோயாளிகள் சிறிய விளைவைக் கண்டுபிடிக்கப் போதாது. உறுதியாகச் சொல்லத் தக்கது ஒன்று உண்டு: தமிழ்க் குடும்பங்களிலும் நோயை ஆளும் ஒற்றை மரபணு கண்ணில் படவில்லை; பெரிய விளைவுடைய ஒன்று இருந்திருந்தால் இத்தகைய ஆய்வுகளே அதைப் பிடித்திருக்கும். 2015இல் முடிந்த ஆயிரம் மரபுத்தொகுதித் திட்டம் உலகின் 26 மக்கள் குழுக்களிலிருந்து 2,504 பேரின் மரபு எழுத்தைப் பொதுவில் வைத்தது. அதில் பிரித்தானியாவில் வாழும் இலங்கைத் தமிழர் ஒரு தனிக் குழு, நூறு பேருக்குச் சற்று மேல். முன்பு சொன்ன டாக்-1 ஏ குறியின் ஒரு வடிவம் ஐரோப்பியரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, தெற்காசியரில் பத்தில் மூன்று, கிழக்காசியரில் பத்தில் நான்கு. மனச்சிதைவு இந்த வரிசையில் ஏறி இறங்குவதில்லை. பொதுவாக இருக்கும் மரபு வேறுபாடுகள் எல்லாக் கண்டத்தாரிடமும் கலந்தே கிடக்கின்றன. இனம், ஊர், சாதி என்ற வேலிக்குள் அவை நிற்பதில்லை.

மன்னார் ஒரு தீவு, சொந்தத்துக்குள் கட்டிக்கொள்ளும் ஊர்கள் நிறைந்தது, ஆகவே கெட்ட எழுத்து இங்கே தேங்கியிருக்காதா என்று அடுத்து கேட்பார்கள். தீவு என்ற சொல் ஏமாற்றுகிறது. மாந்தைத் துறைக்கு அனுராதபுரக் காலத்திலேயே அரபிக் கடலின் கப்பல்கள் வந்தன. பள்ளிமுனையில் நிற்கும் பெருக்க மரம் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. 1560இல் போர்த்துக்கேயர் கோட்டை கட்டிய கையோடு முத்துக்குளித்துறைப் பரவரைக் கொண்டுவந்து குடியேற்ற முயன்றார்கள். முத்துக்குளிப்புக் காலங்களில் கீழக்கரையிலிருந்தும் மலையாளக் கரையிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் வந்து போனார்கள். 1914இலிருந்து தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடியது. 1964 டிசம்பர்ப் புயல் அதை முடித்துவைத்தது. இப்படிப்பட்ட கரையில் ஒரு மரபு எழுத்து வேலிபோட்டுத் தேங்குவது கடினம். நெருங்கிய சொந்தத் திருமணம் சில அரிய நோய்களின் வாய்ப்பைக் கூட்டுவது உண்மை. இருபக்கமும் ஒரே குறை சேர வேண்டிய நோய்கள் அவை. மனச்சிதைவு அந்த வகையைச் சேர்ந்ததல்ல. இந்த நோயில் தனித்தே பெரிய விளைவு தரும் மரபுக் கோளாறுகள் சிலவும் உண்டு. 22ஆம் குரோமோசோமின் ஒரு துண்டு இல்லாமற் போனவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு நோய் வருகிறது. ஆனால் அந்த இழப்பு பத்தில் ஒன்பது பேரில் தாய் தகப்பனிடமிருந்து வந்ததல்ல. கரு உருவாகும்போது புதிதாக நேர்ந்தது. வலிமை மிக்க மரபுக் காரணம் பெரும்பாலும் பரம்பரையில் இல்லை. பரம்பரையில் வருபவை எல்லாரிடமும் உள்ள சிறு எழுத்துகள். கலியாணத் தரகர் கேட்கும் கேள்விக்கு மரபியல் தரும் விடை இதுதான், இதற்கு மேல் அதில் தேடினால் கிடைக்காது.

மறுமுனையிலிருந்து வேறொரு மறுப்பு வரும்: போர் தின்ற மண்ணில் மரபணுவைப் பற்றிப் பேசுவது அரசியலை மறைப்பதாகாதா? 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, எருக்கலம்பிட்டி உட்பட மன்னாரின் ஊர்கள் ஒரே மூச்சில் வெறுமையாயின. அதே காலத்தில் தமிழர்கள் படகேறி இராமேஸ்வரம் போய் மண்டபம் முகாமில் பெயர் பதிந்தார்கள். இருபது ஆண்டுக்குப் பின்னும் புத்தளத்தில் இடம்பெயர்ந்து வாழ்ந்த முஸ்லிம்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குப் பொதுவான மனநலக் கோளாறு ஏதோவொன்று இருந்ததை 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. யாழ்ப்பாணத்தில் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போரின் உளக்காயங்களைப் பற்றி எழுதியவை உலகறிந்தவை. ஆனால் அந்த ஆய்வுகள் எண்ணியவை பெரும்பாலும் மனச்சோர்வு, பதகளிப்பு, பேரதிர்ச்சிக்குப் பிந்திய நெருக்கீடு ஆகியவற்றையே. மனச்சிதைவுக்கு நேரடிச் சான்றாக அவற்றை வைக்க முடியாது. அதற்குச் சான்று வேறிடத்தில் கிடைக்கிறது. ஐரோப்பாவுக்குக் குடிபெயர்ந்தவர்களில் மனச்சிதைவு உள்ளூர்க்காரரைவிட இரண்டு மடங்குக்கும் மேல். பிரித்தானியாவில் வாழும் கரீபியரிடம் மிக அதிகமாகத் தென்படும் இந்த நோய், அவர்களுடைய தீவுகளில் அந்த அளவுக்கு இல்லை. ஒரே மரபணு, வேறு வாழ்க்கை. வீதம் மட்டும் ஒரு தலைமுறையில் மாறிவிட்டது. மரபணுவைச் சரியாகப் படித்தால் அது போரையும் இடப்பெயர்வையும் மறைப்பதில்லை. ஒற்றைக் குற்றவாளி இரத்தத்தில் இல்லை என்று அது சொல்லும்போதே, வெளியே தேட வேண்டியவை எவை என்று கேட்கவும் வைக்கிறது.

கடைசி மறுப்பு நல்லெண்ணம் கொண்டவர்களுடையது. பேயும் செய்வினையும் என்று நம்புகிற மக்களுக்கு இது மூளை நோய், மரபணு நோய் என்று சொன்னால் களங்கம் குறையாதா? 2013இல் தொகுத்த ஆய்வுகள் இதைச் சோதித்தன. உயிரியல் காரணம் சொல்லும்போது நோயாளியைப் பழிப்பது சற்றுக் குறைகிறது. ஆனால் 'இது மாறாது' என்ற அவநம்பிக்கை கூடுகிறது, விலகி நிற்கும் எண்ணமும் குறையவில்லை. ஆய்வாளர் நான்சி வாக்ஸ்லர் இலங்கையில் ஐந்தாண்டு நோயாளிகளைத் தொடர்ந்து, 1979இல் எழுதியது இதன் மறுபக்கம்: மேலை நாடுகளைவிட இங்கே தேறியவர்கள் அதிகம். நோய் வெளியிலிருந்து வந்தது, போய்விடும் என்று குடும்பம் நம்பியதும் நோயாளியை மறுபடி ஏற்றுக்கொண்டதும் அதற்குக் காரணம் என்றார். ஸ்கார்ஃபின் ஆர். தாரா உள்ளிட்ட நால்வர் 2008இல் இந்த 'நல்ல விளைவு' என்ற கருத்தையே கேள்விக்கு உட்படுத்தினார்கள். நாட்டுக்கு நாடு, ஊருக்கு ஊர் வேறுபாடு பெரிது, சிகிச்சை கிடைக்காத நோயாளிகளின் நிலை மறைந்துவிடுகிறது என்பது அவர்கள் வாதம். இரண்டையும் சேர்த்துப் படித்தால் செய்ய வேண்டியது தெளிவாகிறது. நோயாளி திரும்பி வருவார் என்ற பழைய நம்பிக்கையைக் கைவிடக் கூடாது; சிகிச்சை வேண்டாம் என்ற பழைய பழக்கத்தைக் கைவிட வேண்டும். டி2இன் உண்மையான பயன் இங்கேதான். எந்தப் பெண்ணுக்கு நோய் வரும் என்று அந்த மரபணு சொல்லாது. ஆனால் நோய் வந்த எவருக்கும், பரவன் மகனாயினும் வேளாளன் மகளாயினும் எருக்கலம்பிட்டி முஸ்லிமாயினும், அந்த ஏற்பியை அடைக்கும் மாத்திரையும் மாத ஊசியும் ஒரே விதமாகவே வேலை செய்யத் தொடங்குகின்றன. குடும்ப வரலாற்றைக் கேட்பதற்கு நியாயமான இடம் ஒன்று உண்டு. அது மருத்துவரின் அறை. அங்கே அந்தக் கேள்வி, இரவில் தூங்காமல் யாரோ பேசுவதாகச் சொல்லும் பதினெட்டு வயதுப் பிள்ளையைச் சீக்கிரம் கவனிக்க உதவும். சிகிச்சை தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் தேறுவதைக் கடினமாக்குகிறது என்பதைப் பல நாட்டு ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. குடும்பத்தில் நோய் இருந்ததை மறைக்கச் செய்யும் பயம் முதலில் கெடுப்பது இந்த நேரத்தைத்தான்.

(அடுத்த இதழில்: அங்கொடையிலிருந்து தெல்லிப்பழைக்கு, வடக்குக்கு மனநல சிகிச்சை வந்த கதை)